அலியாசிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கைபேசி உணரிகளை வைத்து இயற்பியல் செய்முறை நடத்தும் ஆசிரியர்களுக்கான கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது: அலியாசிங் (aliasing), அதாவது போதிய வேகத்தில் அளக்காததால் ஓர் அதிர்வு வேறு அதிர்வெண்ணில் தெரிவது. வரைவில் 'மாற்றுப்பெயராக்கம்' என்று இருக்கிறது. அது அகராதிப் பொருளைப் பெயர்க்கிறதே தவிர, நடப்பதைச் சொல்லவில்லை.

நடப்பது இது. கைபேசியின் அசைவை அளக்கும் உணரியான முடுக்கமானி நொடிக்கு 100 அளவீடுகள் எடுப்பதாகக் கொள்வோம். 90 ஹெர்ட்ஸில் அதிரும் பரப்பின் மேல் கைபேசியை வைத்தால், உணரிக்குள் வடிகட்டி இல்லாதபோது, வரைபடத்தில் 10 ஹெர்ட்ஸ் சைன் அலை வந்து நிற்கும். வழுவழுப்பான, ஐயமே எழாத அலை. மாணவர் அலைவுநேரம் 0.1 நொடி என்று எழுதிவிடுவார். 110 ஹெர்ட்ஸ் கொடுத்தாலும் இதே 10தான் வரும்.

'பொய்யலைவு' எனலாமா?

---

> 'பொய்யலைவு' எனலாமா?

பொய் என்றால் அங்கே எதுவும் இல்லை என்றாகிவிடும். மாணவர் அதை இரைச்சலோடு சேர்த்துவிடுவார். அதிர்வு உண்மையானது. அதன் அதிர்வெண்தான் தவறாகத் தெரிகிறது.

'மடிப்பலைவு' என் பரிந்துரை. அதிர்வெண் அச்சை, அளவீட்டு வீதத்தில் பாதியான 50 ஹெர்ட்ஸில் தாள்போல மடித்தால் 60 போய் 40-இன் மேல் விழும், 90 போய் 10-இன் மேல் விழும். கணக்கே சொல்லில் இருக்கிறது.

---

> கணக்கே சொல்லில் இருக்கிறது.

நிறமாலை (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) வரையத் தெரிந்தவருக்கு இருக்கிறது. பள்ளி வகுப்பில் இந்தச் சிக்கல் முதலில் வருவது காணொளியில். மூன்று இறக்கை மின்விசிறி நொடிக்கு 9.5 சுற்று சுற்றுகிறது, படமெடுப்பு நொடிக்கு 30 சட்டகம். சட்டகத்துக்குச் சட்டகம் 114 பாகை நகர்வு. இறக்கைகளின் இடைவெளி 120 பாகை என்பதால் கண்ணுக்கு அது 6 பாகை பின்வாங்கல். விசிறி நொடிக்கு அரைச் சுற்று பின்னோக்கிச் சுற்றுகிறது! இங்கே எதை மடிப்பது? தவிர, 'மடி', 'மடங்கு' இரண்டும் கணிதத்தில் ஏற்கெனவே வேலை செய்கின்றன. மடங்கு அதிர்வெண்ணோடு குழப்பிக்கொள்வார்கள்.

'வேட அலைவு' என்று வைக்கலாம். ஆள் உண்மை, தோற்றம் வேறு. வினையாகவும் வரும்: "90 ஹெர்ட்ஸ் அதிர்வு 10 ஹெர்ட்ஸாக வேடமிடுகிறது." அளவீட்டுக்கு முன் வைக்கும் வடிகட்டி 'வேடத்தடுப்பு வடிகட்டி'. வினையாகாத கலைச்சொல் பாடநூலோடு நின்றுவிடும், வகுப்பில் வாய்க்கு வராது.

வேடத்தைக் கலைக்கும் வழியையும் அதே பத்தியில் எழுதுங்கள். அளவீட்டு வீதத்தை 100-இலிருந்து 120 ஆக்கினால் 10 ஹெர்ட்ஸ் முகடு 30-க்கு நகரும். உண்மையான 10 நகராது. ஆனால் 80-க்குக் குறைத்துச் சோதிக்க வேண்டாம்: 90 ஹெர்ட்ஸ் அப்போதும் 10 ஆகத்தான் தெரியும். விசிறியை 60 சட்டகத்தில் எடுத்தால் நகர்வு 57 பாகை, 120-இல் பாதிக்கும் கீழே, திசை சரியாகிவிடும். வெளிச்சம் குறைந்தால் சில கைபேசிகள் சட்டக வீதத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே அமைப்புத் திரையில் உள்ள எண்ணை நம்பாமல் கோப்பின் நேரக்குறிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவான பிறகு மென்பொருளில் அலையை எவ்வளவு மென்மையாக்கினாலும் வேடம் கலையாது. இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

---

வேடமிடல் எனக்கும் உடன்பாடு. ஒரு திருத்தம்: சேர்த்தெழுதினால் 'வேடவலைவு' ஆகி, வேடனின் வலை கண்முன் வரும். பிரித்தே எழுதுவோம். இலங்கை வாசகருக்கு அதிர்வெண் என்பது மீடிறன். 'வேட அதிர்வெண்', 'வேட மீடிறன்' இரண்டுமே இயல்பாக அமைகின்றன. சொல்லடைவில் இரண்டையும் சேர்த்துவிடலாம்.