எஃப்யூசிவிட்டிக்கு ‘வெப்ப இழுதிறன்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஒரு பொருள் தன்னைத் தொடுவதோடு எவ்வளவு எளிதில் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் என்பதைச் சொல்லும் பண்பு தெர்மல் எஃப்யூசிவிட்டி. அதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்டுள்ள ‘வெப்ப உமிழ்திறன்’ என்பதை ஏற்பதற்கில்லை. அச்சொல் எமிசிவிட்டிக்கு, அதாவது மேற்பரப்பு வெப்பத்தைக் கதிர்வீச்சாக உமிழும் திறனுக்கு, ஏற்கெனவே வழங்கிவருகிறது. அகச்சிவப்புக் கேமராவால் பூச்சுகளை ஆராயும் கட்டுரையில் இவ்விரு பண்புகளும் அடுத்தடுத்த வரிகளிலேயே வரக்கூடும்.

எடுத்துக்காட்டாக, கேஸ் டர்பைன் பிளேடுகளின் மேல் இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற வெப்பம் தடுக்கும் பீங்கானைச் சில நூறு மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் பூசுகிறார்கள். 1961இல் பார்க்கர் குழுவினர் வெளியிட்ட ஃபிளாஷ் முறையில், சிறு வில்லையின் முன்பக்கத்தில் ஒளியைப் பாய்ச்சி, பின்பக்கம் சூடேறும் வேகத்திலிருந்து பரவுதிறனை (டிஃப்யூசிவிட்டி, பொருளுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதன் அளவு) கணக்கிடுவர். பிளேடை வெட்டாமல் அந்தப் பின்பக்கம் கிடைக்காது. ஆகவே ஒளியைப் பாய்ச்சிய பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போது மேற்பரப்பின் வெப்பநிலை உயர்வு, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் தணிகிறது. ஒரே அளவு ஆற்றலுக்கு அந்த உயர்வு எந்த மட்டத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பூச்சின் எஃப்யூசிவிட்டியே. வெப்பம் அடியிலுள்ள உலோகத்தைத் தொட்டதும், உலோகம் அதை வேகமாக இழுத்துக்கொள்வதால், நேரத்துக்கு எதிராக வெப்பநிலையைக் காட்டும் வரைகோடு செங்குத்தாகச் சரிகிறது. பூச்சு விட்டுப்போய்க் காற்று புகுந்த இடத்தில் இழுக்க ஆளில்லாமல் சூடு தேங்கி நிற்கிறது.

‘இழுத்துக்கொள்வதால்’ என்பதை நான் யோசித்து எழுதவில்லை. அதுவாகவே வந்து விழுந்தது. ஒரே அறையில் இருக்கும் செம்புக் குடமும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், குடம் மட்டும் சில்லென்று படுவது அது கைச்சூட்டை இழுப்பதால்தான். எஸ்.ஐ. அலகில் செம்பின் எஃப்யூசிவிட்டி ஏறத்தாழ 37,000. மரத்துக்குச் சில நூறுதான். எனவே, கடத்துதிறனை (கண்டக்டிவிட்டி) போலவே வினைத்தொகையாக அமையும் ‘வெப்ப இழுதிறன்’ என்பதை முன்மொழிகிறேன்.

சூடான செம்பு கைக்கு வெப்பத்தைத் தரவும் செய்கிறதே, இழுப்பது ஒரு திசைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்காகக் ‘கொள்கொடைத்திறன்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். பொருள் பொருந்தினாலும் சம்பந்தம் பேசுவது போல ஒலிக்கிறது, வாய்பாட்டைச் சொல்லும்போது நாவும் இடறுகிறது. கடத்துதிறன் என்ற சொல்லும் திசையைச் சொல்வதில்லை. அதை நாம் குறையாகக் கருதியதில்லை. இழுதிறனிலும் திசையைத் தேட வேண்டியதில்லை.

சொல்லை இட்டுப் பார்க்க ஒரு வாக்கியம்: “தடிமன் தெரிந்த பூச்சில், வரைகோடு வளையும் நேரத்திலிருந்து பரவுதிறனையும், வளைவுக்கு முந்தைய பகுதியிலிருந்து, உட்கொண்ட ஆற்றலும் தெரிந்திருந்தால், இழுதிறனையும் பெறலாம், இழுதிறனைப் பரவுதிறனின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கடத்துதிறன் கிடைக்கும்.”