போர்த்துகீசிய வீட்டு உப்புமீன்: எத்தனை நாள் ஊறவைப்பது, எதோடு சமைப்பது?

பாம்பன் தென்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மூன்று ஆண்டுகளாகப் போர்த்துக்கல் நாட்டின் அலென்தேஜு பகுதியில், ஒதெமீரா என்னும் ஊரையொட்டிய பழத்தோட்டம் ஒன்றில் வேலை செய்கிறான். அவன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, அவன் விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டபோது எங்கள் அம்மாவுக்கென்று இரண்டு கிலோ பக்கல்யாவு, அதாவது உப்பிட்டு உலர்த்திய காட் மீன், கொடுத்தனுப்பினார். கூடவே தம் கையால் எழுதிய செய்முறைக் குறிப்பு ஒன்றும் வந்தது. தம்பி அதைத் தனக்குத் தெரிந்த அளவில் தமிழில் எழுதித் தந்திருக்கிறான். அதில் அளவு என்று எதுவுமே இல்லை. "உப்புப் போகும்வரை ஊறட்டும்", "எண்ணெய் வேண்டிய மட்டும்", "பதம் வந்ததும் இறக்கு" என்றுதான் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, எல்லாம் கண்ணளவுதான் என்று அந்தப் பாட்டி சொன்னாராம்.

சென்ற வாரம் ஒரு துண்டை எடுத்து, கட்டாக் கருவாட்டுக்குச் செய்வதுபோல அரைமணி நேரம் வெந்நீரில் போட்டுக் கழுவி வேகவைத்தேன். மேற்சதை நார்நாராகப் பிரிந்து வந்தது, நடுச்சதையோ உப்புக்கல்லைக் கடித்ததுபோல் இருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை மெல்ல நகர்த்திவிட்டார். மீதி ஒன்றரைக் கிலோ இருக்கிறது. கிறிஸ்துமஸ் முன்னிரவில் அவர்கள் வீட்டில் இதைத்தான் உண்பார்களாம், எனவே நாங்களும் அதே இரவில் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகுமுன் இதைச் சமைத்து உண்ண விரும்புகிறோம். எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், ஒலிவ எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றலாமா, கூட என்ன சமைப்பது என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூக்கையூர் பண்டாரி:

அன்பு மகளே, சரக்குக் கப்பல்களில் நான் முப்பது ஆண்டுகள் பண்டாரியாக, அதாவது சமையற்காரனாக, இருந்தவன். அவற்றுள் ஏழாண்டுகள் போர்த்துகீசிய மாலுமிகள் மிகுந்திருந்த கப்பலில் கழிந்தன. நீங்கள் பக்கல்யாவைக் கருவாடு என்று எண்ணிக் கையாண்டதால்தான் இப்படி ஆயிற்று. நம் கருவாடு மெல்லியது, ஈரமற்றுக் காய்ந்தது, ஆகவே வெந்நீர் உடனே உள்ளே இறங்கிவிடும். பக்கல்யாவின் முதுகுத் துண்டோ இரண்டு மூன்று விரல் தடிமன் உடையது. அது உப்பில் பலநாள் கிடந்த பின் ஓரளவே உலர்த்தப்படுவதால் நடுச்சதை வரை உப்பு ஏறியிருக்கும். வெந்நீர் பட்டதும் மேற்சதை வெந்து இறுகிக்கொள்ள, உள்ளிருக்கும் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

தடித்த துண்டுகளுக்கு 48 மணி நேரமும் வால்பகுதி போன்ற மெல்லிய துண்டுகளுக்கு 24 மணி நேரமும் தேவை. முதலில் குழாய்த் தண்ணீரில் மேலுப்பைக் கழுவிவிட்டு, அகன்ற பாத்திரத்தில் தோல் மேற்பக்கம் இருக்குமாறு துண்டுகளை வைத்து, மூழ்கும்படி குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். கரையும் உப்பு கனத்தினால் அடியில் போய்த் தங்குமாதலால், சதைப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால் அது தடையின்றி இறங்கும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், பாத்திரம் குளிர்பதனப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். அவர்கள் நாட்டில் டிசம்பரில் வெளியே வைத்தாலும் தாங்கும், நம் கரையின் வெக்கையில் ஓரிரவு தாங்காது. கடைசித் தண்ணீரை மாற்றும்போது, தடித்த இடத்தில் ஓர் இணுக்குக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். வெந்த மீனில் எவ்வளவு உப்பை விரும்புவீர்களோ அவ்வளவு இருந்தால் போதும். அந்தப் பாட்டி சொன்ன கண்ணளவு இதுதான். பழகியவர் கையில் அதுவே சரியான அளவு.

இரவு உணவுக்கு உருளைக்கிழங்கு, முட்டை, முட்டைக்கோஸ் ஆகியவற்றைத் தனியே வேகவையுங்கள். அவர்கள் போடுவது கரும்பச்சையான தடித்த இலைக்கோஸ். அது இங்கே கிடைக்காது, ஆகவே நம் கோஸின் வெளிப்புறப் பச்சை இலைகளைக் கழித்து எறியாமல் அவற்றையே பெரிதாகக் கிழித்துப் போடலாம். மீனைக் கொதிக்கிற நீரில் போடக் கூடாது. நீர் கொதிக்கத் தொடங்கியதும் தீயைத் தணித்து, அசைவு அடங்கிய பின் துண்டுகளை இறக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், சதை தாழம்பூ மடல்போல் இதழ் இதழாகப் பிரியும். அந்தப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, பூண்டை மெல்லிய வில்லைகளாக அரிந்து ஒலிவ எண்ணெயில் மெதுவாகச் சூடாக்கி, எண்ணெயோடு மேலே ஊற்றுவார்கள். இதற்கு வேறு குழம்பு இல்லை, அந்த எண்ணெயே குழம்பு. ஆகவே நல்லெண்ணெய் ஊற்றலாமா என்றால், வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மற்றச் சமையலுக்கெல்லாம் நம் எண்ணெய் போதும், இதற்கு மட்டும் கால் லிட்டர் ஒலிவ எண்ணெய் வாங்கிவிடுங்கள்.

மிஞ்சினால் கவலைப்பட வேண்டாம். மீனையும் கிழங்கையும் கோஸையும் உதிர்த்து, பூண்டு தாளித்த எண்ணெயில் மறுநாள் பிரட்டினால், வடபகுதியில் ரோப்பா வேல்யா, அதாவது பழந்துணி, என்று அழைக்கும் உணவு கிடைக்கும். கிறிஸ்துமஸ் நாள் மதியத்துக்கென்றே முன்னிரவில் கூடுதலாக வேகவைக்கும் வீடுகள் உண்டு. நம் சுண்டக்கறியின் ருசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இந்த மீன் அவர்கள் கடலில் பிறப்பதே இல்லை. கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து வரை பாய்மரக் கப்பலில் போய், அங்கே ஒற்றை ஆள் ஏறும் சிறு படகுகளை இறக்கி, தூண்டில் கயிற்றால் பிடித்து உப்பிட்டு, மாதக்கணக்கில் கழித்து வீடு திரும்பியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் அந்தத் தொழில் நடந்தது. அவ்வாறு போய் வந்தவர்களின் பிள்ளைகளோடு நான் ஒரே அடுக்களையில் நின்றிருக்கிறேன்.

தொண்டி ஆசிரியர்:

பண்டாரி ஐயா செய்முறையை முழுமையாகக் கூறிவிட்டார். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நம் கரைக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று வந்ததன்று. 16ஆம் நூற்றாண்டில் மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்த்துகீசியர் தங்கியிருந்தனர். ஓரியூரில் 1693இல் உயிர்நீத்த கிறித்தவத் துறவி அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகேறிப் போகும் நாம் பதுவை அந்தோணியார் என்று அழைக்கும் புனிதரும் லிஸ்பனில் பிறந்தவரே. அந்நகரத்தார் ஜூன் 12ஆம் நாள் இரவில் அவர் பெயரால் தெருவெங்கும் அடுப்பு மூட்டி, நம் சாளைக்கு உறவான சார்டின் மீனைக் கல்லுப்புத் தூவிச் சுட்டு, ரொட்டித் துண்டின்மேல் வைத்து உண்பார்கள்.

சாவி, சன்னல், மேசை, பீப்பாய், கொய்யா, அன்னாசி என அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்கள் நம் வீடுகளில் நிறைந்திருக்கின்றன. வினிகரைக் குறிக்கும் வினாகிரி என்ற சொல்லும் வந்தது, ஆனால் அந்தப் பொருள் நம் அடுக்களையில் குடியேறவில்லை. புளி இருக்கும் வீட்டில் அதற்கு வேலை இல்லாமல் போயிருக்கலாம் என்பது என் எண்ணம். கோவாவில் அவ்வாறன்று. இறைச்சியை மதுவிலும் பூண்டிலும் ஊறவைக்கும் போர்த்துகீசிய முறையான வின்யா தல்யுஷ், அங்கே கள் வினாகிரியும் மிளகாயும் சேர்ந்து விண்டாலு ஆயிற்று. அப்பெயரில் உள்ள ஆலுவுக்கும், இந்தியில் ஆலு எனப்படும் உருளைக்கிழங்குக்கும் தொடர்பே இல்லை.

ஆனால் நம் சமையலில் எதைக் கண்டாலும் போர்த்துகீசியர் தந்தது என்று சொல்லிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. கீழக்கரையின் இனிப்புப் பண்டமான தொதலைக்கூட அவ்வாறு எழுதுகிறார்கள். அது மலாய் நாடுகளில் விளைந்த பண்டம். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் பெரியது மிளகாய். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அச்செடியிலிருந்து நம் இராமநாதபுர மாவட்டத்தார் வளர்த்தெடுத்த குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கீழக்கரை உம்மா வீடு:

சகோதரிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். என் கணவர் மொசாம்பிக்கில் கடை வைத்திருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தது ஒரு போர்த்துகீசியக் குடும்பம். எங்கள் வீட்டில் மதுவும் பன்றியும் புழங்காதாகையால், அவை சேராத செய்முறைகளை மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டுக் கற்றேன். அப்படிப் பார்த்தாலும் குறைவில்லை, ஏராளமாக இருந்தன.

முதலாவது இஷ்கபேஷ். சீலா மீன் துண்டுகளை உப்பிட்டு, மாவில் புரட்டிப் பொரித்து, கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்க வேண்டும். அதே எண்ணெயில் வட்டமாக அரிந்த வெங்காயம், தட்டிய பூண்டு, அவர்களுடைய மணஇலை ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்கி, வினாகிரி ஊற்றி ஒரு கொதி வந்ததும் சூடாகவே மீன்மேல் கவிழ்க்க வேண்டும். நம் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது, பட்டை வாசம் அடிக்கும், ஆகவே அவ்விலை கிடைக்காவிட்டால் சும்மா விட்டுவிடுவதே நல்லது. அன்றைக்கே உண்டால் வெறும் புளிப்புத்தான் தெரியும், மறுநாள்தான் சுவை கூடும்.

இரண்டாவது, கிறிஸ்துமஸுக்குப் பொருத்தமான அரோஸ் தோசி என்னும் பால்சோறு. பச்சரிசியை எலுமிச்சைத் தோலோடு தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலுமிச்சையின் வெள்ளைப் பகுதி ஒட்டினால் கசக்கும். சர்க்கரையைக் கடைசியில்தான் போட வேண்டும், முன்பே போட்டால் அரிசி வேகாமல் விறைத்து நிற்கும். ஆறிய சோற்றைத் தட்டையான தட்டில் பரப்பியதும் அந்த அம்மா பட்டைப் பொடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கிள்ளியெடுத்து, மேலே கோடு கோடாக இழுத்து, நடுவில் பிள்ளைகளின் பெயரின் முதலெழுத்தை எழுதுவார். கோலமாவு பிடிக்கிற அதே பிடிதான். என் மகளின் எழுத்தையும் எழுதித் தந்திருக்கிறார்.

பாம்பன் தென்கரை:

உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். 22ஆம் தேதி மாலையிலேயே ஊறப்போட்டு, ஏழு முறை தண்ணீர் மாற்றினேன். கடைசியில் கிள்ளி நாக்கில் வைத்தபோது உப்பு அளவாகவே இருந்தது. மீன் பண்டாரி ஐயா சொன்னபடியே இதழ் இதழாகப் பிரிந்தது. அம்மா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். ஆனால் காரமே இல்லாத மீனை அவரால் முழுவதும் ஏற்க முடியவில்லை, ஆகவே தம் தட்டுக்கு மட்டும் பூண்டு எண்ணெயில் இரண்டு குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார்.

தம்பி வழியாகப் படத்தைப் பார்த்த அந்தப் பாட்டி, மீன் வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாராம். நல்லவேளையாகக் கொட்டவில்லை. அலென்தேஜுவில் பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் கல்லுப்போடு உரலில் இடித்து, ஒலிவ எண்ணெய் ஊற்றி, கொதிக்கும் அந்த நீரைச் சேர்த்து, பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, நீரில் உடைத்து வேகவைத்த முட்டையோடு உண்பார்களாம். அசோர்தா என்று பெயர். கொத்தமல்லியை நாங்கள் அம்மியில் அரைத்தோம். அம்மா அந்தக் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, அம்மியைக் கழுவுமுன் அதில் ஒட்டியிருந்ததையும் ஒரு ரொட்டித் துண்டால் துடைத்து எனக்குத் தந்தார்.