டம்ளரில் முடி மிதந்தது, நுனியோ நார் மாதிரி இருக்கிறது. என் முடி எந்த வகை?

மன்னை மகள்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டேன், 14 மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் பட்டு மாதிரி இருந்தது. அப்புறம் கீழ்ப்பாதி வறண்டு வறண்டு, இப்போது தேங்காய் நார்தான். சீப்பு வைத்தால் வேரோடு வரவில்லை, பாதியில் ஒடிகிறது. பின்விளைவு எதையும் செய்தவர்கள் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒரு வீடியோவில் போராசிட்டி பார்க்கச் சொன்னார்கள். முடி எவ்வளவு சீக்கிரம் தண்ணீரை உள்ளே வாங்குகிறது, எவ்வளவு நேரம் வைத்துக்கொள்கிறது என்பதுதான் அது என்றார்கள். டம்ளர் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டேன், மிதந்தது. மிதந்தால் போராசிட்டி குறைவு, அதனால் தேங்காய் எண்ணெய் ஆகாது, கண்டிஷனரும் கனம், லேசான ஜெல் போதும் என்றார்கள். நம்பி 1,400 ரூபாய்க்கு வாங்கி, இரண்டு மாதமாக எண்ணெயே தொடவில்லை. நுனி இன்னும் மோசம். மாமியார் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்கிறார், நான்தான் தட்டிக்கழிக்கிறேன். வீட்டில் போர் தண்ணீர், பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. அதுவும் காரணமாக இருக்குமா?


குடந்தை வேதியியல்

தங்கச்சி, முதலில் அந்த டம்ளரை மறந்துவிடுங்கள். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முடியின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், ஆனாலும் மிதக்கும். குளத்தில் நீர்ப்பூச்சி மூழ்காமல் ஓடுகிறதே, அதே பரப்பு இழுவிசைதான் காரணம். முடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோ கண்டிஷனரோ ஒட்டியிருந்தால் இன்னும் நன்றாக மிதக்கும். விரலால் அழுத்திவிட்டால் அதே முடி மூழ்கும். இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முடியின் வெளிப்பக்கம் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிந்திருக்கும். அந்தச் செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது, தாமரை இலையில் போலத் தண்ணீர் உருண்டு ஓடுவது அதனால்தான். ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீமின் காரம், அதன் பிறகு போடும் ஹைட்ரஜன் பெராக்சைடு, சூட்டுக் கம்பி, இவை மூன்றும் அந்தப் படலத்தைக் கழற்றி ஓடுகளையும் தூக்கிவிடும். வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது, போன படலம் திரும்ப வளராது.

இன்னொன்று, இதைத்தான் அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. ஒரே தலையில் ஒரே போராசிட்டி கிடையாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அப்படியானால் உங்கள் தலையில் மேலே உள்ள 14, 15 செ.மீ. ரசாயனமே படாத புது முடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அடிபட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெயர் எப்படி வைப்பீர்கள்?

ஷாம்பு போட்டு, வேறு எதுவும் தடவாமல் காயவைத்துவிட்டு, இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலால் உச்சிப் பக்கம் ஒரு தெளி, நுனியில் ஒரு தெளி தெளித்துப் பாருங்கள். எங்கே துளி நிற்கிறது, எங்கே உடனே உறிஞ்சுகிறது என்று எழுதுங்கள். இதுவும் தோராயம்தான், ஆனால் அந்த டம்ளரைவிட மேல்.


திருபுவனம் சாயப்பட்டறை

எங்கள் குடும்பம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். அக்கா சொன்னது எனக்குத் தறி வீட்டு பாஷையில் புரிகிறது. கோராப் பட்டு, அதாவது இன்னும் வேகவைக்காத பட்டு நூல், அதன் மேலே ஒரு பசை இருக்கும், அது இருக்கிறவரை நூல் விறைப்பாக இருக்கும், சாயம் சரியாக ஏறாது. சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்தால் பசை கழன்றுவிடும், எடையில் கால் பங்குகூடக் குறையும். அப்புறம் சாயத்தொட்டியில் விட்டதும் குடித்துவிடும். பட்டும் புரதம், முடியும் புரதம். காரத்தை எவ்வளவு நேரம் விடலாம் என்று எங்கள் வீட்டில் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள், கொஞ்சம் மிஞ்சினால் நூலே நைந்துபோகும். தலைமுடிக்கு அவ்வளவு கவனம் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நானும் ஒருமுறை தலைக்குச் செந்நிறம் போட்டுக்கொண்டு உங்களைப் போலவே அவதிப்பட்டேன். எனக்கு உதவியது ஒன்றுதான், ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் நுனியில் கண்டிஷனர், தவறாமல். அதை அலசுவதற்கு முன்பே அகலப்பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கு எடுத்துவிடுவேன். தலை துவட்ட ஈரிழைத் துண்டு, ஒற்றி எடுப்பதோடு சரி, தேய்ப்பதே இல்லை. பிளந்த நுனியை எந்தக் கிரீமும் ஒட்டாது, இரண்டு விரற்கடை வெட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.


வேதாரண்யத்துக்காரி

தண்ணீர் காரணமா என்று கேட்டீர்களே, ஆமாம், பாதிக் காரணம் அதுதான் என்பேன். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. அடிபட்ட முடியில் சுண்ணாம்புச் சத்து இன்னும் அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், கை வைத்தாலே சொறசொறவென்று தெரியும். ஒரு பாட்டிலில் உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் கடினநீர். குடிதண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்று அரசுத் தர அளவு இருக்கிறது. பக்கெட்டில் வெள்ளை படிகிறது என்றால் உங்களுடையது குறைவாக இருக்காது.

எங்கள் வீட்டில் குழாயில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும், குடிக்கவும் சமைக்கவும்தான் போதும். ஆனாலும் தலைக்குக் குளிக்கிற நாளில் இரண்டு சொம்பு எடுத்து வைத்துவிடுவேன். எல்லாம் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி அலசு மட்டும் அதில். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர். வித்தியாசம் ஒரே மாதத்தில் தெரிந்தது. மாதம் ஒரு தடவை ஈடிடிஏ சேர்ந்த ஷாம்பு போடுவேன், படிந்த சுண்ணாம்பைப் பிடித்து இழுக்கும், டப்பாவின் பின்பக்கம் டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ என்று போட்டிருக்கும்.


குடந்தை வேதியியல்

தண்ணீர் விஷயம் நன்றாகச் சொன்னீர்கள். எண்ணெய் பற்றி நான் விட்டுவிட்டேன். மாமியார் சொல்வது சரி, தங்கச்சி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்கு உள்ளேயே போகும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். முடி ஈரத்தில் ஊதி, காயும்போது சுருங்கி, ஊதி, சுருங்கி நைந்துபோகும். முன்கூட்டியே எண்ணெய் இருந்தால் அந்த ஊதல் குறையும். ஆகவே குளித்த பிறகு மினுக்கத் தடவுவதைவிட, குளிப்பதற்கு முந்தின இரவோ ஒரு மணி நேரம் முன்போ வையுங்கள். காதுக்குக் கீழே நிறைய, மேலே பேருக்குக் கொஞ்சம். ஷாம்பு உச்சந்தலைக்கு மட்டும், நுரை வழிந்து போவதே நுனிக்குப் போதும்.

கண்டிஷனரில் செட்ரிமோனியம், பெஹென்ட்ரிமோனியம் என்று தொடங்கும் பொருள்கள் நேர்மின்னேற்றம் உள்ளவை. அடிபட்ட இடத்தில் எதிர்மின்னேற்றம் அதிகம், அங்கேதான் போய் ஒட்டும். உங்கள் நுனிக்கு அது கனமே இல்லை.


பாபநாசம் பாட்டி

நாங்கள் சீயக்காயும் வடிகஞ்சியும் தவிர எதையும் கண்டதில்லை, இடுப்புக்குக் கீழே முடி. எதற்கு இத்தனை டப்பா?


திருபுவனம் சாயப்பட்டறை

அம்மா, உங்கள் முடியில் காரமும் சூடும் ஏறவில்லையே, அதனால் சீயக்காய் போதுமாக இருந்தது. ஒடிகிற முடியில் திப்பி தங்கினால் அதை எடுக்கச் சீப்பு இழுக்கிற இழுப்பிலேயே இன்னும் நாலு முடி ஒடியும். இந்தத் தங்கைக்கு வஸ்திரகாயம் செய்த, அதாவது மெல்லிய துணியில் சலித்த பொடியாக இருந்தால் சரி, அதுவும் உச்சந்தலைக்கு மட்டும். வடிகஞ்சியை நானும் விடவில்லை, அலசிவிட்டால் நல்ல வழவழப்புத்தான்.


மன்னை மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றே தெளித்துப் பார்த்தேன். உச்சிப் பக்கம் துளி துளியாக நின்றது, தட்டிவிட்டால் உருண்டது. நுனியில் விழுந்த இடம் தெரியவில்லை. விரலால் தடவிக்கொண்டே வந்தால் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சொறசொறப்பு தொடங்குகிறது, அளந்தேன், 15 செ.மீ., அக்கா சொன்ன கணக்கு அப்படியே. டம்ளரில் போட்ட முடி சீப்பிலிருந்து எடுத்தது, மேல்பாதியா கீழ்ப்பாதியா என்றுகூட நான் பார்க்கவில்லை.

சோப்பு குலுக்கியதில் போர் தண்ணீர் திரிந்துபோனது. மொட்டை மாடித் தண்ணீர் விழுகிற இடத்தில் அண்டா வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை வெள்ளிக்கிழமை, அத்தை இப்போதே எண்ணெயைக் காய்ச்ச எடுத்து வைத்துவிட்டார்.