உப்புக் குகைக்கு மேல லெவல் புடிச்ச (நெலத்தோட உயரம் அளந்த) அனுபவம், உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

கோபிக்காரன்:
நெதர்லாந்துல ஹெங்கெலோ பக்கம் சர்வேயரா ரெண்டு வருசம் இருந்தனுங்க. அங்க பூமிக்கடியில நல்ல ஆழத்துல உப்புப் படிவம் கெடக்குது, போர் போட்டு ஒரு பைப்புல நல்லதண்ணிய உட்டு இன்னொரு பைப்புல உப்புக்கரைசலா மேல எடுப்பாங்க, எடுக்க எடுக்க கீழ குகை ஆயிரும், ஆள் யாரும் உள்ள எறங்கறதே இல்ல. உப்பு கல்லாட்ட இருந்தாலும் மேல இருக்கற பாரத்துல மெதுவா நகரும், குகை சுருங்கும், மேல நெலம் கிண்ணமாட்ட கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். சில குகை கூரை இடிஞ்சு மேல வரைக்கும் வந்துரும், 1991ல அங்கயே அப்படி ஒரு பள்ளம் உழுந்திருக்குது.

பெஞ்ச்மார்க்னு உயரம் தெரிஞ்ச ஒரு குறியில ஆரம்பிச்சு, ஒவ்வொரு பாயிண்டா உயரம் அளந்து, திரும்ப அதே குறிக்கு வந்து முடிப்போம், அதுதான் லூப்பு. எங்க லூப் எல்லாம் கணக்கு இடிக்காம சுத்தமா குளோஸ் ஆச்சு. ரோட்டோரத்து பாயிண்ட் மட்டும் வருசா வருசம் மேல ஏறுன மாதிரி காட்டுச்சு, ஸ்டாஃப் (அளவு போட்ட கோல்) ரீடிங் தப்புன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. ஒரு நா வயசான விவசாயி ஒருத்தரு வந்து கையப் புடிச்சு கூட்டிட்டுப் போயி அவர் வாய்க்கால காட்டுனாரு, முந்தி ரோட்டப் பாத்து ஓடுன தண்ணி இப்ப மாட்டுக்கொட்டாய்கிட்ட தேங்கி நிக்குதுன்னு. எனக்கு அப்பா ஞாபகம் வந்துருச்சுங்க. பரம்படிச்சு தண்ணி கட்டுனாத்தான் வயலோட மேடு பள்ளம் தெரியும்னு சொல்லுவாரு. அன்னிக்கு ராத்திரி பழைய மேப்ப எடுத்துப் பாத்தா, நாங்க அசையாதுன்னு நம்பி ஆரம்பிச்ச பெஞ்ச்மார்க்கே கிண்ணத்துக்குள்ளதான் இருக்குது! தூரத்து பெஞ்ச்மார்க்ல இருந்து லெவல் கொண்டு வந்தப்ப ரோடு ஏறவே இல்ல, நாங்க நின்ன எடந்தான் கொட்டாயோட சேந்து எறங்கியிருக்குது.

கோவை ரேடார்:
கோபி அண்ணா, சேட்டிலைட்லயும் இதே கததான், எந்த எடத்த அசையாததுன்னு எடுத்துக்கறமோ அதுலதான் எல்லாமே. எம்டெக்ல நான் பிரேசில் மசெயோ நகரத்த எடுத்து சென்டினல்-1 ரேடார் படங்கள்ல பாத்தனுங்க, 12 நாளைக்கொருக்கா ஒரே எடத்த எடுக்கும். அங்க ஊருக்கடியிலயே 35 உப்புக் கெணறு. 2018 மார்ச்ல நெலம் அதிர்ந்து வீடெல்லாம் விரிசல் உட்டு, 2019ல தோண்டறத நிறுத்தி, கிட்டத்தட்ட 60,000 பேரு வீடு வாசல உட்டுட்டுப் போனாங்க. 2023 டிசம்பர் 10ல 18ஆம் நம்பர் குகை காயலுக்கடியில இடிஞ்சுச்சு. பழைய படங்கள பின்னாடி போயி பாத்தா அந்த அதிர்வுக்குப் பல வருசம் முந்தியே நெலம் எறங்கிட்டு இருக்குது, 2020 வரைக்கும் மொத்தமா நடுவுல 2 மீட்டர் பக்கம். கலர் மேப்புல செவப்பா தெரிஞ்ச ஒவ்வொரு புள்ளியும் ஒரு கூரைன்னு நெனச்சப்ப தாங்க முடியல. இன்னொண்ணு, நெலம் ஒரே சீரா எறங்குனா வீடு தாங்கிக்கும், கிண்ணத்தோட ஓரத்துல சாய்வும் இழுப்பும் வரும் பாருங்க, அங்கதான் செவுரு பொளக்கும். மரஞ்செடி நெறஞ்ச பக்கம் சிக்னல் வேற போயிரும், அங்க லெவலிங்காரங்க நடந்துதான் ஆகணும்.

சங்ககிரி பையன்:
அண்ணா எங்க தோட்டத்துல ஆயிரம் அடி போர் போட்டிருக்குதுங்க, அதுனால இப்படி ஆகுமா?

கோபிக்காரன்:
இல்ல தம்பி, நம்மூரு அடியில கெட்டிப் பாறை, தண்ணி வெடிப்புலதான் நிக்கும், பாறை உப்பாட்ட கரையாது. பழைய கெணத்து ஓரத்துல மண்ணு சரியாம பாத்துக்க, அது போதும்.

ரேடார் அம்மிணி, அந்த விவசாயி கொட்டாய் செவுத்துலயே ஒரு பாயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டு வந்தன். இப்பவும் மழை பேஞ்சா வாய்க்கால போட்டோ எடுத்து அனுப்பறாரு, தண்ணி எது வரைக்கும் நிக்குதுன்னு குச்சி நட்டு வெச்சு.