ஊதா இதயம் ஒட்டிய கவர்

கவிதா அக்கா (நியூஜெர்சி): 📷 பெரியப்பா, ஆபீசுக்கு வந்த கவர். ஊதா நாடாவில் இதயம் தொங்குகிறது. காதலர் தின ஸ்டாம்பா?

பெரியப்பா: காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது ‘பர்பிள் ஹார்ட்’ பதக்கம். போரில் எதிரியால் காயம்பட்ட அமெரிக்கப் படையினருக்குத் தருவது. உயிர் போயிருந்தால் வீட்டாரிடம் தருவார்கள். நடுவில் இருக்கிற முகம் ஜார்ஜ் வாஷிங்டன்.

சுந்தரி அத்தை: அவர் முகம் எதற்கு அண்ணா?

பெரியப்பா: 1782-ல் சாதாரணச் சிப்பாய்களின் நற்சேவைக்காக ஊதாத் துணியில் இதயம் தைத்துக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். அப்புறம் அது மறந்தே போனது. 1932-ல், அவருடைய 200-வது பிறந்த நாளில் பதக்கமாகத் திரும்ப வந்தது.

பிரவீன்: அப்போ வீரத்துக்கு இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: இல்லைடா. மற்ற பதக்கங்களுக்கு மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். இதற்குச் சண்டையில் காயம்பட்டிருந்தால் அதுவே தகுதி.

சுந்தரி அத்தை: கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை 😔

பெரியப்பா: ஸ்டாம்பு 2003-ல் 37 சென்டுக்கு வந்தது. தபால் கட்டணம் ஏற ஏற 39, 41, 42, 44 என்று திரும்பத் திரும்ப அடித்தார்கள். கவிதா, உன்னுடையதில் என்ன விலை?

கவிதா அக்கா: விலை இல்லை. ‘ஃபாரெவர்’ (எப்போதும் செல்லும்) என்று இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் 2011-லோ அதற்குப் பிறகோ வந்தது. கீழே இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஆண்டு இருக்கும், பார்.

கவிதா அக்கா: படத்தைப் பெரிதாக்கினால்தான் தெரிகிறது. 2019.

கவிதா அக்கா: எங்கள் ஆபீசில் ஈராக் போய் வந்தவர் ஒருவர் இருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கை என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கும் இது உண்டா?

பெரியப்பா: மனக்காயத்துக்கு மட்டும் என்றால் கிடையாது. 2009-ல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அப்படி முடிவு செய்தது. ஆனால் அதற்கும் ஒரு ஸ்டாம்பு உண்டு. அதே 2019, டிசம்பரில் வந்தது. உதிர்ந்த இலைகளுக்கு நடுவே பச்சைச் செடி முளைக்கிற படம். கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை. அந்தக் கூடுதல் காசு முன்னாள் படைவீரர் துறைக்குப் போகும்.

சுந்தரி அத்தை: பதக்கம் கொடுக்க மனசு வரவில்லை, ஸ்டாம்பு அடிக்க மட்டும் வந்ததா?

பெரியப்பா: பதக்கம் ராணுவத்தின் கையில், ஸ்டாம்பு தபால்காரர்கள் கையில். நான் இருந்த டிபார்ட்மென்டை ஒன்றும் சொல்லாதே 😄

கவிதா அக்கா: சரி, தண்ணீரில் ஊறப்போட்டுக் கழற்றி வைக்கட்டுமா?

பெரியப்பா: ஐயோ, வேண்டாம்மா! அது ஸ்டிக்கர் பசை, தண்ணீருக்கு விடாது. சுற்றிலும் அரை அங்குலம் கவரோடு வெட்டு. முத்திரையில் ஊரும் தேதியும் முழுதாக இருக்கட்டும்.

சுந்தரி அத்தை: கவிதா, ஊருக்கு வரும்போது அந்தச் செடி ஸ்டாம்பு ஒன்று எனக்கு.

பெரியப்பா: நீ எப்போது சேர்க்க ஆரம்பித்தாய்?

சுந்தரி அத்தை: நாலு காசு அங்கே போகும் என்றாயே, அதற்குத்தான்.

கவிதா அக்கா: இன்னும் விற்கிறார்களா என்று நாளைக்குப் போஸ்ட் ஆபீசில் கேட்கிறேன் அத்தை.