பக்கத்து பக்கத்து மக்கள் இவ்ளோ வேற மாதிரி ஆகுறதுக்கு நிலம்தான் காரணமா?

வரைபடப்பிரியன்:
ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பாஷை ஒரு பழக்கம், அந்தப் பக்கம் எறங்கினா எல்லாமே வேற. பாப்புவா நியூ கினியால மட்டும் 800 மொழிக்கு மேல இருக்கு, மலையும் சதுப்பும்தான் பிரிச்சு வச்சிருக்குங்கறாங்க. போக்குவரத்து இல்லாததால வர்ற வித்தியாசம் மட்டும்தானா, இல்ல நிலம் மனுசன் குணத்தையே மாத்துமா?

வயலோரம்:
குணத்தையும் மாத்தும்னுதான் நான் நினைக்கிறேன். சீனால ஹுவாய் ஆத்துக்கு வடக்க பெரும்பாலும் கோதுமை, தெக்க நெல்லு. கோதுமைய ஒரு குடும்பமே சமாளிச்சிரலாம், நெல்லு அப்படி இல்ல, மேல் வயல்காரன் மடைய தொறந்தாதான் கீழ் வயலுக்கு தண்ணி, நடவுன்னா நாலு வீட்டு ஆளுங்க வந்தாகணும், பக்கத்து வயல்காரன பகைச்சுக்கிட்டு ஒரு போகம் எடுக்க முடியாது. இதனால நெல்லுப் பகுதி ஆளுங்ககிட்ட கூட்டு மனப்பான்மை அதிகம்னு தாமஸ் டால்ஹெல்ம்னு ஒரு ஆய்வாளர் 2014ல எழுதினார். அப்புறம் காபி கடைகள்ல வழிய மறிச்சு நாற்காலிய போட்டுட்டு பாத்திருக்காங்க, நாற்காலிய நகத்திட்டு போனவங்க வடக்கதான் அதிகம், தெக்க ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு இடுக்குல நுழைஞ்சு போயிருக்காங்க. இத்தனைக்கும் அது நகரத்து ஜனம், வயல்ல கால் வச்சவங்க ரொம்ப கம்மியா இருக்கும்!

மலைக்காகம்:
வடக்கு தெக்குன்னா வெயில், வரலாறு எல்லாமே வேற, நெல்லு மேல மட்டும் எப்படி போடுறது? கரீபியன் கடல்ல இருக்குற ஹிஸ்பானியோலாவ பாருங்க, ஒரே தீவு. 1697ல மேற்குப் பகுதி ஸ்பெயின்கிட்ட இருந்து பிரான்ஸ் கைக்கு போச்சு, கரும்புத் தோட்டத்துக்கு லட்சக்கணக்குல ஆப்பிரிக்க அடிமைகள கொண்டுவந்து எறக்கினாங்க. இன்னிக்கு மேற்குல இருக்குற ஹைட்டில பிரெஞ்சுலேர்ந்து கிளைச்ச கிரியோல், பக்கத்து டொமினிக்கன் குடியரசுல ஸ்பானிஷ். அந்தக் கோட்ட போட்டது மலை இல்ல, ராஜாக்கள்.

வயலோரம்:
நியாயமான கேள்வி, அதுக்காகவே வடக்கு சீனால நிங்சியாங்கற பகுதில ரெண்டு அரசுப் பண்ணைய எடுத்து பாத்தாங்க. 56 கிலோமீட்டர்தான் தூரம், ஒரே மாதிரி வானிலை. மாவோ காலத்துல அரசாங்கமே இதுல நெல்லு அதுல கோதுமைன்னு ஒதுக்கிருச்சு, யாரும் விரும்பி எடுத்தது இல்ல. அங்கயும் நெல்லுப் பண்ணைக்காரங்ககிட்ட கூட்டு மனப்பான்மை தூக்கலா இருந்திருக்கு.

வரைபடப்பிரியன்:
அப்ப நிலத்த விட அதுல பாக்குற வேலைதான் ஆள மாத்துதுன்னு ஆகுது! அப்படின்னா மோட்டார் போட்டு அவனவன் வயலுக்கு அவனவனே தண்ணி எடுக்க ஆரம்பிச்சா அந்த ஒட்டுறவு எத்தன தலைமுறை தாங்கும்? இத யாராவது ஆராய்ச்சி பண்ணிருந்தா சொல்லுங்க, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.