ஜான் ஆடம்ஸ் 1800-இல் தோற்றது யாரால்?

பழையபேப்பர்:
அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஆடம்ஸை மறுபடி வரவிடாமல் செய்தது எதிர்த்து நின்ற ஜெபர்சன் இல்லை, சொந்த ஃபெடரலிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். அக்டோபரில், தேர்தல் தலைக்கு மேல் நிற்கும்போது, அதிபர் பதவிக்கு இவர் லாயக்கில்லை என்று 54 பக்கம் எழுதினார். கட்சிக்குள் மட்டும் சுற்றவேண்டியது எதிராளி கையில் சிக்கிப் பத்திரிகையில் வந்து நாறிவிட்டது. கூட இருந்தே குழி பறித்த ஆள்.

கணக்கர்:
தேதியைப் பாருங்க சார். நியூயார்க் மாகாணம் மே மாதமே கைவிட்டுப் போச்சு. அதிபருக்கு ஓட்டுப் போடுற எலெக்டர்களை அப்ப அங்க நியமிச்சது மாகாண சட்டசபை. ஜெபர்சன் கட்சிக்காரர் ஆரன் பர் தெருத்தெருவா ஆள் விட்டு, நியூயார்க் நகரத்தின் 13 சட்டசபை இடங்களையும் மொத்தமா அள்ளிட்டார். அதோட 12 எலெக்டர் ஓட்டும் போச்சு. கடைசி முடிவு ஜெபர்சன் 73, ஆடம்ஸ் 65. அந்த 12 மட்டும் ஆடம்ஸ் பக்கம் வந்திருந்தா அவருக்கு 77, ஜெபர்சனுக்கு 61. அக்டோபர் கடிதத்துக்கு இதில் என்ன வேலை?

பழையபேப்பர்:
அந்த நகரத்தில் ஃபெடரலிஸ்ட் வேட்பாளர்களைப் பொறுக்கியது யாராம்? அதே ஹாமில்டன்தான்! பர் தன் பக்கம் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் மாதிரிப் பெரிய தலைகளை நிறுத்தினார். ஹாமில்டன் தன் பேச்சைக் கேட்கிறவர்களை நிறுத்தினார். தோற்றதும், தேர்தல் முறையையே மாற்றச் சொல்லி ஆளுநர் ஜான் ஜேக்குக் கடிதம் வேறு. ஜே மசியவில்லை.

திண்ணைவாசி:
ஜனங்களை ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. அரசைத் திட்டி எழுதினா ஜெயில்னு ஆடம்ஸ் ஆட்சியில் 1798-ல் சட்டம். வெர்மான்ட் எம்.பி. மேத்யூ லயனை 4 மாசம் உள்ளே வெச்சு 1,000 டாலர் அபராதமும் போட்டாங்க. மனுஷன் ஜெயில்ல இருந்தபடியே ஜெயிச்சார். அப்புறம் வீட்டு வரி. பென்சில்வேனியாவில் வீட்டை அளக்க வந்த அதிகாரிங்க தலையில் பொம்பளைங்க சுடுதண்ணி ஊத்தினாங்க. இவ்வளவும் பண்ணிட்டு ஓட்டு கேட்டா?

கணக்கர்:
அவ்வளவு வெறுப்புன்னா, நியூயார்க்கின் 12 நீங்கலா 1796-ல் 59 வாங்கின ஆடம்ஸ் 1800-ல் 65 வாங்கினது எப்படி? இன்னொண்ணு. ஓட்டுரிமையே இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கா எண்ணித்தான் தெற்கு மாகாணங்களுக்குக் கூடுதல் எலெக்டர்கள். அதைக் கழிச்சா ஆடம்ஸ்தான் முன்னாடின்னு சொல்ற வரலாற்றாசிரியர்கள் உண்டு. உங்க 'ஜனங்க' கணக்கில் அவங்க சேர்த்தியா?

திண்ணைவாசி:
அந்த அநியாயம் 1796-லும் இருந்துச்சே. அப்ப 71-68னு ஜெயிச்சவர் இவர்தானே?